களியில் ஒரு கோடு

மலாவி ஏரியின் மதிய வெளிச்சம் மிஷன் விடுதியின் சன்னல் வழியாக வந்து சாப்பாட்டுப் பாயில் விழுகிறது. நடுவில் ஒரே பெரிய தட்டில் வெள்ளை மக்காச்சோளக் களி ஆவி பறக்கிறது, பக்கத்தில் பொடிமீன் குழம்பு. ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளின் கைகள் முண்டியடித்துக்கொண்டு தட்டுக்குள் நுழைகின்றன. எய்ட்ஸுக்குத் தாயைப் பறிகொடுத்துவிட்டு நேற்று வந்து சேர்ந்த தமண்டா மட்டும் நெளிந்த தகரத் தட்டை மடியில் அணைத்தபடி சுவரோரம் ஒடுங்கியிருக்கிறாள். அவளிடமிருந்து நோய் ஒட்டிக்கொள்ளும் என்று, அம்மா உயிரோடு இருக்கும்போதே பெரியம்மா அவளுக்கென ஒதுக்கிய தட்டு அது. "இங்க யாருக்கும் தனித் தட்டு கிடையாதுடி தங்கம், வா" என்று விடுதியைக் கவனிக்கும் எஸ்நாத் அவளைத் தூக்கிவந்து நடுவில் உட்காரவைக்கிறாள். "சீக்கிரம் கை வைடி, இந்த லிம்பனிப் பய மீனையெல்லாம் முழுங்கிருவான்."

தமண்டா தயங்கித் தயங்கிக் கையை நீட்டி, சுட்டுவிரலால் களியின் ஓரத்தில் ஒரு கோடு கிழிக்கிறாள். கோட்டுக்குத் தன் பக்கத்தில் மட்டும் ஒரு துளி கிள்ளி வாயில் வைக்கிறாள். பக்கத்திலிருக்கும் லிம்பனி குறும்பாகக் கோட்டைத் தாண்டி அவள் பக்கத்திலிருந்து ஒரு உருண்டையை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான். "துப்பு! துப்பிடுடா!" தமண்டா அவன் மேல் பாய்ந்து வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டுகிறாள். "ஐயோ, ஒரு வாய்க் களிக்கு இம்புட்டுக் கஞ்சத்தனமா?" அவன் திமிறுகிறான். பிள்ளைகள் கைகொட்டுகிறார்கள். எஸ்நாத்துக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

"எங்கம்மா என் தட்டுலதான் சாப்பிட்டாங்க," என்கிறாள் தமண்டா. "அதான் செத்துட்டாங்க."