கூலி இல்லாத் தையல்

“குடுத்த காசைக் கார்மெலாவின்ரை கையிலயிருந்து பறிச்சனீங்களோ?”

பத்மா குசினி வாசலிலேயே கணவனை மறித்தாள்.

விக்னராஜா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான். “பறிக்கேல்லை. கேட்டு வாங்கினனான்.”

“எல்லாம் ஒண்டுதான். முதுகு முறியத் தைச்ச மனுசி. நீங்கள் குடுக்கமாட்டியள் எண்டுதான் நான் என்ரை காசில குடுத்தனான். அதையும் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டியளே.”

“வைக்கேல்லை. உம்மடை கைப்பைக்குள்ளதான் கிடக்கு. எடுத்துப் பாரும்.”

“எனக்கென்னத்துக்கு அது? மானமெல்லோ போச்சு.”

கார்மெலா அடுத்த வீட்டில் அறையெடுத்து இருந்தவள். புருஷன் செத்தபிறகு பக்கத்து ஊரான டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் தைத்துத் தைத்துக் களைத்து, இப்போது சொந்த நாடான மால்டாவுக்கே திரும்பப் போகிறாள். உலகப் படத்தில் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துபோகிற தீவு அது. கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு மின்சாரத் தையல் மெஷின் வாங்கியிருந்தாள். அங்கே போய்ச் சீவிக்க அவளுக்கு வேறு வழி கிடையாது.

விக்னராஜாவுக்கு ஒரு சுங்க முகவர் கந்தோரில் வேலை. எந்த நாட்டுத் துறைமுகத்தில் எந்தச் சாமானுக்கு என்ன வரி என்பதுதான் அவன் படிப்பு. குடும்பத்தில் முதன்முதல் பட்டம் வாங்கியவன். எழுதிய காகிதத்தில் ஒரு புள்ளி பிழைத்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

கப்பலுக்கு மூன்று கிழமை இருக்கும்போது கார்மெலா மெஷினைப் பெட்டியோடு தூக்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“மிஸ்டர் விக்னா, இதுக்கு அங்கே வரி போட்டால் என்னால் கட்ட முடியாது. துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். வரி வராத மாதிரி ஏதாவது எழுதிவிடுங்கள்.”

“உள்ளதைத்தான் எழுதுவேன்.”

அவள் முகம் செத்துப்போயிற்று. அதோடு விட்டானா? “கப்பல் வரும்வரைக்கும் மெஷின் இங்கேயே இருக்கட்டும். எங்கள் ஜன்னல் எதற்கும் திரைச்சீலை இல்லை. தைத்துத் தர முடியுமா?” என்றான்.

ஜன்னல்களில் பழைய படுக்கை விரிப்புத் தொங்கியது உண்மைதான். அதற்காக ஆள் அழப்போகிற நேரத்திலா கேட்பது? பத்மாவுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

திரைச்சீலை முடிந்ததும் தலையணை உறை. அது முடிந்ததும் பத்மாவின் சட்டைகள். கார்மெலா மறுக்கவில்லை. காகிதம் அவன் கையில் அல்லவா இருக்கிறது.

“காகிதம் நிரப்புறதுக்குக் கூலியோ இது?” குசினி வாசலில் பத்மா விடவில்லை.

“இல்லை. அதுக்குக் கந்தோரில காசு கட்டீட்டா. கூலி எண்ட சொல்லே இந்த வீட்டில வேண்டாம்.”

“பின்னை?”

“அயலட்டை எண்டால் ஒண்டுக்கொண்டு உதவிதானே.”

“நல்ல உதவி. ஊரிலயெண்டா இதைச் சொல்லி அழ நாலு சனம் இருக்கும். இந்த வெள்ளைக்கார நோபல் பார்க்கில உங்களைப் பற்றி முறைப்பாடு சொல்லவும் தமிழில உங்களிட்டத்தான் சொல்லவேண்டிக் கிடக்கு.”

எழுபத்துநாலாம் ஆண்டு அது, அந்தப் பக்கத்தில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. அவள் சொன்னதில் பொய்யில்லை.

மறுகிழமை மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு மூவரும் மால்டா கொன்சல் கந்தோருக்குப் போனார்கள். நாடு திரும்புகிறவர்களின் சாமான்களை அங்கே பார்த்து முத்திரை குத்திக் கொடுக்கவேண்டும்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “மெஷின் பளபளவென்று இருக்கிறதே. புதுசா?”

விக்னராஜா ஒரு பக்கமாக ஒதுங்கினான். கார்மெலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“புதுசா?” கார்மெலாவுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. “இவர் வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை, மனுசியின் சட்டை, எல்லாம் இதில்தான் தைத்தேன். நிமிர முடியவில்லை.”

“அப்படியானால் கூலிக்குத் தைத்தீர்களா?”

“கூலியா? ஒரு சதம் கிடையாது. இந்த நல்ல மனுசி தந்ததையும் இவர் திருப்பி வாங்கிவிட்டார்.”

அதிகாரி சிரித்தபடி முத்திரையை எடுத்தார். “தப்பினீர்கள், அம்மா. பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் புதுச் சாமான், வரி விழும். கூலி வாங்கியிருந்தால் தொழில் இயந்திரம், அதற்கும் விழும். இது வீட்டில் பாவித்த சாமான். வரி இல்லை.”

பத்மா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்து ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த ஆள்தான். ஆனால் மலையடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்ப்பதுபோல அவளுக்குக் கழுத்து நிமிர்ந்தது. இந்த மனுசன் ஒரு பொய்யும் எழுதவில்லை. எழுதவேண்டியதை முதலில் நடக்கவைத்துவிட்டுப் பிறகு எழுதியிருக்கிறான்.

கார்மெலா முத்திரைக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பத்மாவைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் சொன்னாள். “மாதாவின் கருணையைப் பார். ஒரு கஞ்சனைக் கொண்டும் எனக்கு நன்மை செய்துவிட்டாள்.”

விக்னராஜாவிடம் ஒரு சொல் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

“இஞ்சருங்கோ, நான் ஓடிப்போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாறன்.” பத்மா படியில் கால் வைத்தாள்.

விக்னராஜா அவள் கையைப் பிடித்தான்.

“வேண்டாம். மால்டாவில இறங்கேக்கையும் இதைத்தான் கேப்பினம். தெரிஞ்சால் நாக்குத் தடுமாறும். என்னைத் திட்டித் திட்டியே அந்த மனுசி உண்மையைச் சொல்லட்டும்.”