வெயில் குடித்த சிவப்பு

“நாளைக்குக் குச்சனூர்க் கோயில்ல ஆடிச் சனித் திருவிழா. நம்ம ரோஸ் மில்க் கடைக்கு வருவியா, மாட்டியா தாயி?”

“இந்தச் சிவப்பு போகட்டும்ப்பா, சொல்றேன்.”

அல்லிநகரத்து வீட்டு மொட்டைமாடியில் சுந்தரலிங்கம் வெயிலில் நின்று கண்ணாடிக் குடுவையிலிருந்த சிவப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். ரெண்டு நாளாக முகங்கொடுத்துப் பேசாத மகள் அனுஷ்கா இன்றைக்குத்தான் தன் ஆராய்ச்சிக்குத் துணையாகக் கூப்பிட்டிருந்தாள்.

“கருப்பா என்னத்தையோ போட்டியே?”

“கிராபீன் கலந்த தூள்ப்பா. பென்சில் கரியை ஏடு ஏடா உரிச்சா கிராபீன்.”

“அந்தக் கரிதான் சாயத்தை உறிஞ்சிக்கிருதாக்கும்?”

“இல்லப்பா. இருட்டுல வச்சுப் பார்த்தேன், சிவப்பு அப்படியே நின்னுச்சு. வெளிச்சம் பட்டாத்தான் சாயம் உடையுது.”

குடுவைக்குள் சிவப்பு ரோசாவானது; ரோசா விடிகாலை மேகமானது; மேகமும் மெல்லக் கலைந்தது. சுந்தரலிங்கம் கண்கொட்டாமல் பார்த்தார். தூக்கத்தில் எங்கோ மிதப்பதுபோல் இருந்தது அவருக்கு.

“அடி ஆத்தா! ஆத்துல விடுற சாயத்தண்ணியெல்லாம் இப்படிச் சுத்தம் பண்ணிரலாமே. இது எந்தப் பட்டறைச் சாயம்?”

“துணிக்குப் போடுறதுதான். வயித்துக்குள்ள போனா வெசம்.”

“உனக்கு எங்கன கிடைச்சுச்சு?”

அனுஷ்கா குடுவையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“நம்ம கடை டப்பாவுலப்பா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் ரெண்டு நாளாப் பேசல.”

மலிவாகக் கிடைக்கிறதென்று அவர் வாங்கிய கலர்ப் பொடி! போன ஆடியில் தம்ளரோடு நின்ற பிள்ளைகளின் சிவந்த உதடுகள் கண்முன்னே வந்தன.

“நாளைக்கு நீயே வந்து போர்டு எழுது தாயி,” என்றார். “இந்த வருசம் நம்ம ரோஸ் மில்க் வெள்ளைதான்.”