மாளிகை வாசலில் நிச்சயதார்த்தம்

“இத்தனை நாளா ஓடி ஒளிஞ்சியே, இப்ப ஓடு பாக்கலாம்,” என்றாள் நார்சிசா.

அதிபர் மாளிகை வாசலில் ஈட்டியும் கையுமாக நின்றவன் இமைகூடக் கொட்டவில்லை. நீலச் சீருடை, வெள்ளைக் கையுறை, புருவம்வரை இறங்கிய உயரத் தொப்பி, தாடையை இறுக்கிப் பிடித்த வார். காவல் மாறும்வரை அவன் பேசக் கூடாது, அசையவும் கூடாது. அது தெரிந்துதான் அவள் வந்திருந்தாள்.

குவாராந்தா ஊர்க்கோயில் ஏற்பாடு செய்த பேருந்துப் பயணம் அது. காலையிலிருந்து தலைநகர் கீட்டோவில் அவர்கள் பார்க்காத இடமில்லை. குன்றின்மேல் சிறகு விரித்து நிற்கும் மாதாவைப் பார்த்தாயிற்று, உள்ளே பொன்னாய் மின்னும் கோயிலையும் பார்த்தாயிற்று. அப்பா ஔரேலியோவுக்குக் கால் வீங்கிவிட்டது.

நார்சிசாவுக்கு அதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. “பெரிய வாசல், இடப்பக்கம், தினமும் காலையில நான்தான்” என்று, அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்த வில்மர் தொலைபேசியில் பீற்றிக்கொண்ட அந்த இடத்தைப் பார்க்கத்தான் அவள் பேருந்தே ஏறியிருந்தாள்.

கல்யாணத் தேதி என்றால் மட்டும் வில்மருக்குத் தொலைபேசியில் காது கேட்காது. ஒரு தடவை தவக்காலம் என்றான். இன்னொரு தடவை மாமாவுக்கு மூட்டுவலி என்றான்.

“கடைசியா எரிமலைச் சாம்பல் விழுது, வர முடியாதுன்னே. சாம்பல் விழுந்தது எங்க ஊர்ல. கூரையக் கூட்டித் தள்ளிட்டு நாங்க பூசைக்கே போயிட்டு வந்தோம். உனக்கு இங்க என்ன கேடு?”

சுற்றுலா வந்த வெளிநாட்டார் கூடிவிட்டார்கள். மாளிகையில் தினமும் நடக்கும் சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். காவலரைத் தொடக் கூடாது என்று சொல்ல வந்த பெண் போலீஸ், கதையைக் கேட்டதும் நார்சிசாவின் கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

திட்டத் திட்ட நார்சிசாவுக்குக் குரல் இறங்கியது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்கிறார்கள் என்றாள். கல்யாண உடுப்பை வருஷா வருஷம் தையல் பிரித்துப் பெரிதாக்கிக்கொண்டிருப்பதைச் சொன்னாள்.

“வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு வில்மர். அழ மாட்டேன். ஊர்ல நானே சொல்லிக்கிறேன்.”

அப்போது காவலனின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு, கன்னத்தைத் தாண்டி, தாடை வாரில் போய்த் தங்கியது.

நார்சிசா திகைத்துப் போனாள். பெற்ற தகப்பனைப் புதைத்த அன்றே இரண்டு தட்டு பன்றி வறுவல் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது தட்டுக்குக் கை நீட்டியவன் வில்மர். தலைநகரத்துத் தண்ணீர் ஆளை மாற்றியிருக்கிறது என்றாள் கூடவே வந்திருந்த அம்மா தோலோரெஸ். கொஞ்சம் உயர்ந்த மாதிரிகூட இருக்கிறான் என்றாள். அது தொப்பி என்றார் அப்பா.

பேருந்தோடு வந்திருந்த பாதிரியார் அன்செல்மோவுக்குப் பசி. சாப்பாட்டுக் கடையில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார். இங்கேயே மோதிரத்தைப் போட்டு முடித்துவிடலாம் என்றார். பையனுக்கு மறுப்பு இருந்தால் அசையட்டும், அசையாவிட்டால் மௌனம் சம்மதம்.

அசைந்தால் அவன் வேலை போய்விடுமே என்று அப்பா இழுத்தார்.

“அது அரசாங்கத்துச் சட்டம், ஔரேலியோ. நான் பேசுறது திருச்சபைச் சட்டம்,” என்றார் பாதிரியார்.

கூட்டம் எக்கிப் பார்த்தது. எங்கிருந்தோ வந்த ஒரு புறா காவலனின் தொப்பியில் உட்கார்ந்து, செய்யக் கூடாததைச் செய்துவிட்டுப் போயிற்று. அவன் அசையவில்லை. பாதிரியார் சிலுவை போட்டு ஆசி சொன்னார்.

கையோடு கொண்டுவந்திருந்த மோதிரத்தை நார்சிசா கைப்பையிலிருந்து எடுத்தாள். கையுறையைக் கழற்ற அனுமதியில்லை என்று பெண் போலீஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதால், அதன் மேலேயே மாட்டினாள். முதல் கணுவிலேயே மோதிரம் சிக்கிக்கொண்டது. அவள் திருகிப் பார்த்தாள், எச்சில் தொட்டுப் பார்த்தாள். அப்போது வேறு யாருக்கும் தெரியாமல் அந்த விரல் மெல்ல நீண்டு கொடுத்தது. மோதிரம் உள்ளே போய் உட்கார்ந்தது.

நார்சிசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வில்மர் இத்தனை காலத்தில் அவளுக்காக ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டதில்லை.

நண்பகல் மணி அடித்தது. மாற்றுக் காவலர்கள் நடை போட்டு வந்தார்கள். அவன் மோதிரக் கையை வீசி நடந்து உள்ளே போனான். வெளியே அம்மா வறுத்த சோளத்தைப் போலீசுக்கும் வெளிநாட்டாருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அப்பா தொலைபேசியில் பாதி குவாராந்தாவுக்குச் செய்தி சொல்லி முடித்துவிட்டார். கல்யாணத்தைச் சோளம் பூக்கும் காலத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று பாதிரியார் நாளும் குறித்தார்.

பக்கத்துக் கதவு திறந்தது. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் ஓட்டமாக ஓடி வந்தான். கூட்டம் கைதட்டியது. உச்சி வெயிலில் கண் கூசியதால் நார்சிசா நெற்றியில் கை வைத்து, சிரித்த முகமாய்ப் பார்த்தாள்.

அவன் அவள் எதிரே வந்து நின்றான். அப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்தான். மூச்சு இரைக்கச் சொன்னான்:

“வில்மருக்கு இன்னிக்கு லீவுங்க. ஆனா எனக்குச் சம்மதம்.”