டை பாக்கெட்

மாமனார் சாகக் கிடக்கிறார், மருமகள் தலைக்கு டை வாங்குகிறாள்.

சொந்தக்காரர்களுக்கு இது போதாதா? ஸ்ரீரங்கம் கடைவீதியில் சுபஸ்ரீ டை பாக்கெட் வாங்கியதை யாரோ ஒருத்தி பார்த்திருக்கிறாள். சுபஸ்ரீ வீடு திரும்புவதற்குள் செய்தி லால்குடியைச் சுற்றிவிட்டு, மண்ணச்சநல்லூரில் இருக்கும் நாத்தனார் மலர்க்கொடியின் போனுக்கு வந்துவிட்டது.

மலர்க்கொடிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? படுத்துக் கிடப்பது பெற்ற அப்பா. மாத்ருபூதம் என்றால் பலருக்குத் தெரியாது. மீசைக்கார கண்டக்டர் என்றால் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து லால்குடி வரைக்கும் தெரியும். ஈரலில் புற்றுநோய். இனிமேல் வைத்தியம் பண்ணிப் பிரயோஜனமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் நவநீதன் காலையில் ஃபேக்டரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். பகல் முழுக்க எல்லாம் சுபஸ்ரீ கையில்.

அவள்மேல் ஏற்கெனவே ஏகப்பட்ட புகார். பார்க்கப் போனவர்களை ஹாலிலேயே உட்கார வைத்துவிடுகிறாளாம். மாமா இன்னும் ரெடியாகலை என்று கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனுஷன் மாப்பிள்ளை அழைப்புக்கா ரெடியாகணும்? காபி டம்ளரை நீட்டும்போது பார்த்தால் அவள் விரல் நுனியெல்லாம் கறுப்பாம்.

பொறுத்தது போதும் என்று மலர்க்கொடி சித்தப்பா சின்னையாவையும் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். அப்பாவைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று முடிவு. பையில் ஒரு கட்டு கரிசலாங்கண்ணி வேறு. அப்பாவுக்கு அந்தக் கீரை என்றால் உயிர்.

ஹாலில் லால்குடி சொந்தங்கள் காத்திருந்தார்கள். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது.

சின்னையா தட்டினார்.

"கொஞ்சம் இருங்க சின்ன மாமா, இதோ ஆச்சு," என்றாள் சுபஸ்ரீ உள்ளேயிருந்து.

"உன் அலங்காரம் முடியற வரைக்கும் எங்கண்ணனை நாங்க பார்க்கக் கூடாதாம்மா?"

மலர்க்கொடி அவரை நகரச் சொன்னாள். பிறந்து வளர்ந்த வீடு. அந்தக் கதவை எப்படித் தூக்கித் தள்ளினால் தாழ்ப்பாள் விடும் என்று அவளுக்குத் தெரியாதா? தள்ளிக்கொண்டு தான் மட்டும் உள்ளே போனாள். சண்டை போடுவதற்கு வசதியாகக் கதவையும் சாத்தினாள்.

உள்ளே நோயாளி அறை வாடையே இல்லை. விரிப்பு அன்றைக்குத் துவைத்துப் போட்டது. புண் வராமலிருக்க முதுகுக்கும் இடுப்புக்கும் தலையணை வைத்து அப்பாவைச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள் சுபஸ்ரீ. அவர் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய துண்டு. அவள் கையில் ஒரு பழைய டூத் பிரஷ்.

மீசையில் ஒரு பக்கம் கருகரு. இன்னொரு பக்கம் வெள்ளை வெளேர்.

எழுபது தாண்டியும் மீசையில் ஒரு நரை கிடையாது, எல்லாம் கரிசலாங்கண்ணி மகிமை என்று கல்யாண வீடு தவறாமல் சொன்ன மனுஷன். அதை நம்பி இத்தனை வருஷமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தக் கீரையைத் தின்கிறவள் மலர்க்கொடி.

அப்பா மகளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். இமையோரம் ஈரம் கசிந்தது.

சுபஸ்ரீ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்னாடி அத்தைதான் அடிச்சுவிடுவாங்களாம் அண்ணி. அவங்க போனப்புறம் இவரே அடிச்சுக்கிட்டார். இப்ப கை நடுங்குது. சாயங்காலம் டெப்போ ஆளுங்க பார்க்க வராங்க, வெள்ளை மீசையோட அவங்க முன்னாடி கிடக்க மாட்டேங்கறார்."

வாரா வாரம் வருகிற நர்ஸ் இருதயமேரியிடமும் கேட்டுவிட்டாளாம். அவர் ஆசைப்பட்டா தாராளமா அடிச்சு விடுங்க, இதுவும் மருந்துதான் என்றாளாம் நர்ஸ்.

"வேற எதுவுமே கேக்கலை அண்ணி. இது ஒண்ணுதான். முக்கியமா மலருக்குத் தெரியக் கூடாதுன்னார்."

சொல்லிவிட்டு மாமனாரின் உதட்டோரத்தை ஈரப் பஞ்சால் துடைக்கக் குனிந்தாள். அப்போதுதான் மலர்க்கொடி கவனித்தாள். சுபஸ்ரீயின் வகிடு நெடுக நரை. டையைப் பார்த்து ரொம்ப நாளான தலை.

வெளியே சின்னையா மறுபடியும் தட்டினார். "என்ன மலரு, நாங்க சொன்னது சரியாப் போச்சா? டைதானே அடிச்சுக்கிட்டிருக்கா?"

"ஆமான்னு சொல்லிடுங்க அண்ணி," என்றாள் சுபஸ்ரீ மெதுவாக. "எப்படியும் அப்படித்தானே பேசிக்கறாங்க."

மலர்க்கொடி அவள் கையிலிருந்து பிரஷை வாங்கினாள். கதவை ஒருக்களித்துத் திறந்து, யாரும் உள்ளே நுழையாதபடி அதைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"டை எனக்கு வாங்கினது சித்தப்பா. நான்தான் வாங்கி வைக்கச் சொன்னேன். என் தலை நரைச்சுப் போச்சு, அடிச்சுக்க வேண்டாமா? காரைத் திருப்பி அனுப்பிடுங்க. அப்பா எங்கயும் வரலை."

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா கண்ணைத் திறக்காமலே, மீசையின் வெள்ளைப் பக்கத்தை மகளிடம் திருப்பிக் காட்டினார்.