ஏற மறுத்த அறிக்கை

“இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம்” என்று மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கணக்குப் பிரிவு மேடத்தின் கம்ப்யூட்டரிலிருந்து ஆண்டறிக்கை ஒரு வாரமாகக் கிளவுடுக்கு ஏறவில்லை. சின்க் ஆகமாட்டேங்குது என்று அவர் தினமும் புலம்பிக்கொண்டிருந்தார். ஐ.டி. பிரிவு ஆள் மவுஸைப் பிடித்தார்.

“நெட் நல்லாத்தான் இருக்கு மேடம். கிளவுடுல இடமும் தாராளமா இருக்கு.”

“பழைய கம்ப்யூட்டர் தம்பி, இது தேறாது. விடுங்க, உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.” மேடம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் உருகிப்போனார். “ராப்பகலா உட்கார்ந்து எழுதினதாச்சே, அழிஞ்சிடுமோன்னு பயப்படுறாங்க. பத்திரமா ஏத்துங்க தம்பி.”

“அட, யாரோ சின்க்கை நிறுத்தி வச்சிருக்காங்க!” என்றார் ஐ.டி. ஆள்.

“தூசி தட்டும்போது கை பட்டிருக்கும்” என்றார் மேடம்.

ஐ.டி. ஆள் ஒரு தட்டுத் தட்டினார். ஃபைலுக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழுந்தது. மேனேஜர் கைதட்டிவிட்டு, அதைத் திறந்து பார்க்கத் தன் அறைக்கு ஓடினார்.

மேடம் தலையில் கை வைத்தார். “என்னைக் கவுத்துட்டீங்களே தம்பி! அதுல தலைப்பைத் தவிர ஒரு வரி கிடையாது. இன்னும் எழுதவே ஆரம்பிக்கலை!”

அறைக்கதவு படாரென்று திறந்தது. மேனேஜர் முகம் வெளுத்துப்போய் வந்தார். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

“சாயங்காலம் இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாகணும்” என்றார் மேனேஜர். பிறகு ஐ.டி. ஆளின் காதருகே குனிந்தார்.

“தம்பி, சின்க்கை நிறுத்துற பொத்தான் என் கம்ப்யூட்டர்ல எங்க இருக்கு?”