அவன் ஓடிய பக்கம்

கொரியாவின் பூசான் துறைமுக நகரத்து மீன் சந்தையில், சினிமாவுக்காகக் கத்திக்குத்துக் காட்சி ஒத்திகை நடந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில் நடந்த கொலைதான் கதை. நேரில் பார்த்தவர் என்று பியோன் சங்டேயைத் தேடிப் பிடித்து அழைத்து வந்திருந்தாள் இயக்குநர் ஹேசு.

"கையை ஓங்காதீங்க சார்," என்று வில்லன் நடிகரைத் திருத்தினார் பியோன். "குத்துறவன் கட்டிப்பிடிக்கிற மாதிரிதான் வருவான்."

ஹேசு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எந்தக் கும்பலில் இருந்த மனுஷனோ!

"குத்துப்பட்டவன் சந்துக்குள்ளயா ஓடினான்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் ஓடினான். சிரிச்சுக்கிட்டே ஓடினான்."

"வயித்துல கத்தியோடயா? ஜனங்க நம்ப மாட்டாங்க ஐயா."

"பிழைச்சுட்டோம்னு நினைச்சுட்டான். அங்க போலீஸ் கார் நின்னுச்சு."

"போலீஸைப் பார்த்ததும் உங்க ஆளுங்க தப்பிச்சு ஓடியிருப்பாங்களே?"

"எங்க ஆளுங்க எங்க ஓடினாங்க? காருக்குள்ளயேதான் உட்கார்ந்திருந்தோம்."

ஹேசு அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க... போலீஸா?"

"இன்ஸ்பெக்டர். துறைமுகத் தொழிலாளர் சங்கத் தேர்தல்ல அவன் ஜெயிச்சிடக் கூடாதுன்னு பெரிய இடத்துல முடிவு பண்ணிட்டாங்க. பத்து நிமிஷம் யாரும் இறங்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. மறு மாசமே பதவி உயர்வும் வந்துச்சு."

பியோன் நடிகர்களைப் பார்க்காமல் ஈரத் தரையையே பார்த்தார்.

"கண்ணாடியைத் தட்டி, 'ஐயா, ஐயா'ன்னு கூப்பிட்டான். கதவை உள்ள பூட்டினது நான்தாம்மா. படத்துல அந்த இன்ஸ்பெக்டர் வேஷத்துக்கு என் சொந்தப் பேரையே வச்சுடுங்க."