வருத்தம் தெரிவிக்கும் வேலை

கணினி ஒருவருக்குச் சிகிச்சை இல்லை என்று முடிவு செய்தால், ஒரு மனிதர் அந்த வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஜெபக்கனிக்கு அதுதான் வேலை. திட்டு வாங்குவதற்கும் சேர்த்தே சம்பளம்.

அன்று வந்த முகவரி அவள் வீடு. தம்பி தாவீதுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது என்றாகிவிட்டது.

அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மணியடித்தாள். அம்மா கதவைத் திறந்தாள்.

"சாவி வச்சிருக்கேல்லா, எதுக்குட்டி மணியடிக்க?"

"ஆபீஸ்ல இருந்து வந்திருக்கேம்மா."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்போ உக்காருங்க," என்றாள்.

ஜெபக்கனி நின்றபடியே மனப்பாடமான வாசகத்தைச் சொன்னாள். "உங்கள் மகனின் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. முடிவுக்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம்." நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். குரல் தழைய வேண்டிய இடத்தில் தழைந்தது. உள்ளறையில் டிவி சத்தம் குறைந்தது.

"நல்லாத்தான் சொல்லுதீங்க," என்றாள் அம்மா. "இனி அந்த அட்டையைக் கழத்தி வச்சிட்டு, உள்ளே போய் அவங்கிட்ட நீ சொல்லு."

ஜெபக்கனி அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். தாவீது கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா?"

"உங்கள் விண்ணப்பம்," என்று அவள் வாய் தானாகத் தொடங்கியது.